நடக்க உரிமை, படுக்கத் தடை

இங்கிலாந்தில் ஒருவர் 431 கிலோமீட்டர் தூரத்தை யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்தே கடக்கலாம். பிரபுவின் வேட்டைக்காடு, விவசாயியின் புல்வயல், நீர்த்தேக்கத்தின் கரை, யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறம் என்று எதன் ஊடாகப் போனாலும் அந்தப் பாதை பொதுவழி. நிலச்சொந்தக்காரர் வேலி போட்டு மறித்தால் தப்பு அவருடையது. ஆனால் பொழுது சாய்ந்ததும் அதே பாதையிலிருந்து பத்தடி தள்ளிக் கூடாரம் அடித்தால் அத்துமீறியவர் நீங்கள். பென்னைன் வே என்கிற அந்தப் பாதையில் முதுகில் கூடாரத்தைச் சுமந்துகொண்டு தனியாக நடந்தபோது, கால்வலிக்கு அடுத்தபடியாக என்னை அதிகம் குடைந்தது இந்த விசித்திரம்தான்.

பென்னைன், இங்கிலாந்தின் நடுவே தெற்கு வடக்காக ஓடும் மலைத்தொடர். மலை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். அதன் மிக உயரமான இடமே 893 மீட்டர்தான். கொடைக்கானல் பேருந்து நிலையம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. ஆனால் கொடைக்கானலில் மரம் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. இங்கே காற்றை மறிக்க ஒரு செடி கிடையாது. காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, மதியம் மூடுபனி, மாலையில் மறுபடி வெயில் என்று ஒரே நாளில் நான்கு பருவமும் வந்துபோகும். ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் எவரெஸ்டின் உயரத்தைத் தாண்டிவிடும். பெரும்பாலானவர்கள் இதை முடிக்க இரண்டரை வாரம் போல எடுத்துக்கொள்கிறார்கள். 2019 ஜனவரியில், பனியிலும் இருட்டிலும், ஜாஸ்மின் பாரிஸ் என்ற பெண் 83 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார். ஆண்கள் உட்பட எல்லோரையும் முந்தினார். அதுவும் வழியில் நிற்கும் இடங்களில் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் எடுத்து வைத்துக்கொண்டே. அவரோடு ஒப்பிட்டால் நான் போனது மாட்டுவண்டி வேகம்.

"ஏன்டா, அங்கெல்லாம் பஸ்ஸே ஓடாதா?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டாள். ஓடும். பேருந்துச் சன்னலிலிருந்து பார்த்த இங்கிலாந்து எனக்கு அலுத்துவிட்டது என்பதை எப்படிச் சொல்வது? லீட்ஸில் வேலை, வார இறுதியில் தமிழ்க் குடும்பங்களோடு பிரியாணி, வருடத்துக்கு ஒருமுறை லேக் டிஸ்ட்ரிக்டில் கார் நிறுத்தும் இடம் வரை ஒரு பயணம். இத்தனை வருடம் இருந்தும் இந்த மண்ணை மிதித்ததாகவே தோன்றவில்லை.

சுமை பற்றி ஒரு வார்த்தை. தனியாகப் போகிறவனுக்கு எடையைப் பங்குபோட ஆள் கிடையாது. கூடாரம், தூக்கப்பை, அடியில் விரிக்கும் காற்றுமெத்தை, மழைச்சட்டை, தண்ணீர் வடிகட்டி, முதலுதவி, நிலப்படம், திசைகாட்டி எல்லாம் ஒருவன் முதுகில்தான். வடிகட்டி கட்டாயம் வேண்டும்: ஓடைத்தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்தால் ஆடு செத்துக் கிடக்கும். சாப்பாட்டுக்கு இங்குள்ளவர்கள் உறையில் அடைத்த உலர் உணவை வெந்நீர் ஊற்றிச் சாப்பிடுவார்கள். நான் கொண்டுபோனது கெட்டி அவலும் ஒரு டப்பா புளிக்காய்ச்சலும். அவலைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கால் மணி நேரம் கழித்துப் பிழிந்து, புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் வேலை முடிந்தது. அடுப்பு வேண்டாம், காஸ் வேண்டாம். இந்த மலைகளில் அது ருசிக்காக மட்டும் செய்த ஏற்பாடு அல்ல. தரை முழுக்க பீட் என்னும் கருமண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் அழுகாமல் படிந்து உண்டானது. காய்ந்தால் தரைக்கு அடியிலேயே தீ ஊர்ந்து போகும். 2018 கோடையில் பாதைக்குப் பக்கத்தில் சாடில்வொர்த் மேட்டுநிலம் பற்றியபோது அணைக்க ராணுவத்தை அழைக்க வேண்டியிருந்தது.

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே ஓடும் ரயிலில் ஈடேல் என்ற குட்டி நிலையத்தில் இறங்கினால் பாதையின் தொடக்கம். முதல் நாளே ஏற வேண்டியது கிண்டர் ஸ்கவுட் என்னும் 636 மீட்டர் மேடு. இங்கிலாந்தில் நடைபயணம் செய்கிற ஒவ்வொருவரும் கடன்பட்ட இடம் இது. 1932-இல் இந்த மேடு முழுக்கத் தனியார் சொத்து. க்ரௌஸ் என்னும் காட்டுக்கோழியை வருடத்தில் சில நாட்கள் பிரபுக்கள் சுட்டு விளையாடுவதற்காக மற்ற நாட்களில் யாரையும் உள்ளே விடாமல் காவலாட்களை நிறுத்தியிருந்தார்கள். கீழே இரண்டு பக்கமும் ஆலைப் புகையில் மூச்சுமுட்டும் நகரங்கள். அந்த வருடம் ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, சுமார் நானூறு பேர், பெரும்பாலும் இளம் தொழிலாளர்கள், வேண்டுமென்றே மேட்டில் ஏறினார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. காவலாட்களோடு கைகலப்பு ஆனது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. நடந்ததற்காக அல்ல, கலகம் செய்ததற்காக என்று வழக்கு. அத்துமீறி நுழைவது அப்போதும் உரிமையியல் விவகாரம்தான். எழுபது வருடம் கழித்து, 2002-இல், அந்த நிலத்தைத் தன் தாத்தா வைத்திருந்த விதத்துக்காக டெவன்ஷயர் கோமகன் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த அத்துமீறலுக்கு மூன்று வருடம் கழித்து, டாம் ஸ்டீபன்சன் என்ற பத்திரிகையாளர் டெய்லி ஹெரால்ட் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைத்தொடர் நெடுக ஒரு நடைபாதை இருக்கிறதே, நமக்கு ஏன் ஒன்று இல்லை என்பது அதன் சாரம். எழுதியது 1935-இல், பாதை திறந்தது 1965 ஏப்ரல் 24 அன்று. நடுவில் ஒரு உலகப்போர், 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம், பிறகு ஒவ்வொரு நிலச்சொந்தக்காரரோடும் துண்டு துண்டாகப் பேச்சுவார்த்தை. ஒரு கட்டுரை பாதையாக மாற முப்பது வருடம் ஆகியிருக்கிறது. நம் பத்திரிகைக்காரர்கள் மனம் தளர வேண்டியதில்லை.

கிண்டரைத் தாண்டினால் பிளீக்லோ, பிளாக் ஹில். முன்பெல்லாம் இந்த இடங்களில் இடுப்புவரை சேற்றில் புதைந்தவர்கள் உண்டு. மலைநடை வழிகாட்டி நூல்களின் பிதாமகரான வெயின்ரைட்டே பிளாக் ஹில் சேற்றில் மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் இழுத்துத்தான் வெளியே வந்தார். இப்போது அங்கே கற்பலகைகள் பாவியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். மழை வழுவழுப்பாக்கிய மணற்கல். சிலவற்றில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வட்டத் துளைகள், நேர்கோட்டில் வெட்டிய காடிகள். மலையில் உடைத்த கல்லுக்கு இதெல்லாம் எதற்கு? இவை இடிக்கப்பட்ட பருத்தி ஆலைகளின் தளக்கற்கள். துளைகள் இயந்திரங்களை முடுக்கிய இடங்கள். ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். நம் ஊர்த் தறிகளை ஓயவைத்த லங்காஷயர் துணி இப்படிப்பட்ட தளங்களின் மேல்தான் நெய்யப்பட்டது. 1931 செப்டம்பரில் காந்தி இந்த மலைகளுக்கு மேற்கே டார்வென் ஊருக்கு வந்து, அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களையே நேரில் சந்தித்தார். அவர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். கிண்டர் அத்துமீறல் அதற்கு ஏழு மாதம் கழித்து. ஆலை போய்விட்டது, அதன் தரை நடக்கிறவர்களுக்கு மிஞ்சியிருக்கிறது. மிதித்துக்கொண்டு போனேன், மனதுக்கு நிறைவாகவே இருந்தது.

அடுத்த பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்62 நெடுஞ்சாலையின் இரைச்சலுக்கு மேலே ஒரு மெல்லிய நடைபாலம், ஸ்டூட்லி பைக் என்னும் கறுத்த நினைவுத்தூண், ஹெப்டன் பிரிட்ஜ் என்ற அழகான பள்ளத்தாக்கு ஊர். பிறகு டாப் விதென்ஸ் என்ற இடிந்த பண்ணைவீடு. எமிலி பிராண்டி எழுதிய 'உதரிங் ஹைட்ஸ்' நாவலின் வீடு இதுதான் என்று சொல்லி உலகமே வந்து பார்க்கிறது. வழிகாட்டிப் பலகையில் ஜப்பானிய மொழிகூட உண்டு. நாவலில் வருகிற வீட்டுக்கும் இதற்கும் எந்த ஒற்றுமையும் இருந்ததில்லை என்று பிராண்டி சங்கமே சுவரில் கல்வெட்டு வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு எல்லோரும் அதன் முன்னாலேயே படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கூடாரத்துக்கு வருகிறேன். ஊர் பக்கத்தில் இருந்தால் பண்ணைகளில் காசு கொடுத்துத் தங்கலாம். ஒரு பண்ணையில் வீட்டம்மா கன்றுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டே, "கழிவறை கொட்டகைக்குப் பின்னால. காசை டப்பாவுல போட்டுடுங்க" என்றார். சுவரில் ஒரு பிஸ்கட் டப்பா, மூடியில் துளை, அவ்வளவுதான் கணக்குவழக்கு. ஆனால் மேலே, இரண்டு ஊர்களுக்கு நடுவில், டப்பாவும் கிடையாது, அனுமதி கேட்க ஆளும் கிடையாது. அதற்கென்று எழுதாத விதிகள் சில உண்டு: கடைசிக் கற்சுவருக்கு மேலே போய்விட வேண்டும், இருட்டும் நேரத்தில் அடிக்க வேண்டும், விடியும்போது பிரிக்க வேண்டும், நெருப்பு கூடாது, இருந்த தடயம் கூடாது. இப்படி நடந்துகொண்டால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

ஜூன் மாதத்தில் இருட்டு என்பதே பத்தரை மணிக்குத்தான். ஒரு மேட்டின் சரிவில், காரை பூசாமல் அடுக்கிய கற்சுவர் முடிந்த இடத்துக்குச் சற்று மேலே, சமதரை தேடினேன். பச்சையாக மெத்தென்று இருக்கும் இடமெல்லாம் ஈரம். ஆடு படுத்து எழுந்த இடம்தான் காய்ந்திருக்கும். ஆட்டை நம்பி அங்கேயே அடித்தேன். ஆள்காட்டி இனத்துப் பறவை ஒன்று, தலையில் கொண்டையோடு, தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் எங்கோ குஞ்சு இருக்க வேண்டும். கூடாரத்தை இன்னும் முப்பதடி நகர்த்திய பிறகுதான் ஓய்ந்தது. அவல் ஊறுகிற நேரத்தில் காலுறையைக் கழற்றிக் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டேன். நள்ளிரவில் கூடாரத் துணிக்கு அந்தப்பக்கம், மிக அருகில், யாரோ தொண்டையைச் செருமி இருமினார்கள். உடம்பு விறைத்துவிட்டது. மறுபடியும் இருமல். பிறகு புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம். இங்கிலாந்து ஆடுகள் மனிதக் குரலில் இருமும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை, படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

விடிகாலையில் நாலுசக்கர மோட்டார் பைக்கில் ஒரு வேட்டைக்காட்டுக் காவலர் வந்து நின்றார். பின்னால் இரண்டு நாய்.

"எப்போ கிளம்பறீங்க?"

"இதோ, இப்பவே."

"நாய் இருக்கா?"

"இல்லை."

"அடுப்பு மூட்டினீங்களா?"

டப்பாவில் மிச்சமிருந்த அவலைக் காட்டினேன். அதை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். "பத்து மணிக்கு மழை வரும், அதுக்குள்ள அந்தப் பக்கம் இறங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர். ஆனால் அன்று காலை முழுக்க யோசித்தது இதைத்தான்: அவர் முகம் சுளித்திருந்தால் நான் சொல்லக்கூடியது ஒன்றுமே இல்லை. பாதையில் என்னை நிறுத்தியிருந்தால் சட்டம் பேசியிருப்பேன். கூடாரத்துக்கு அவர் தயவுதான். அதிலும் பழுப்பு நிறத்தவன், தனி ஆள் என்றால் தயவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. பெண்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. நம் பழைய பெருவழிகளில் நடப்பவனுக்குச் சுமைதாங்கிக் கல்லும் சத்திரமும் வைத்தார்கள். வழி விட்டவர்கள் படுக்கவும் இடம் விட்டார்கள். இங்கே பாதிதான் முடிந்திருக்கிறது.

மாலம் என்ற ஊரில் 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை, அரைவட்டமாகச் செதுக்கியதுபோல் நிற்கிறது. ஒரு காலத்தில் அருவி விழுந்த இடம். இன்று தண்ணீர் பாறைக்கு உள்ளேயே புகுந்து அடியில் வெளியே வருகிறது. 2015 டிசம்பர் புயலில் மட்டும், யாருக்கும் நினைவு தெரிந்து முதல்முறையாக, மேலிருந்து அருவியாகக் கொட்டியது. அதன் பிறகு பெனிகென்ட் மலை, ஹாஸ் ஊரின் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டி, டான் ஹில். 528 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மதுவிடுதிதான் பிரிட்டனிலேயே உயரமானது. 2021 நவம்பரில் பனிப்புயல் கதவை மூடிவிட, 60-க்கும் மேற்பட்டவர்கள் மூன்று இரவு உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். அன்று பாட வந்த இசைக்குழுவும் கூடவே. கிளம்ப மனமில்லாமல் போனவர்களும் இருந்தார்கள் என்றால் நான் நம்புவேன்.

பாதையின் கிட்டத்தட்டப் பாதித் தூரத்தில் பால்டர்ஸ்டேல் என்ற பள்ளத்தாக்கு. அங்கே லோ பர்க் ஹாட் என்ற பண்ணையை ஒட்டியே வழி போகிறது. ஹன்னா ஹாக்ஸ்வெல் வாழ்ந்த இடம். பெற்றோர் போன பிறகு மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல், சில மாடுகளை மட்டும் வைத்துக்கொண்டு பல குளிர்காலங்களைத் தனியாகக் கழித்த பெண். 1973-இல் தொலைக்காட்சியில் அவரைப் பற்றிய படம் வந்ததும் நாடே திகைத்துப்போனது. கடிதங்களும் பணமும் குவிந்தன. முடியாமல் போனபோது 1988-இல் பண்ணையை விற்றுவிட்டுக் கீழே ஊருக்குப் போனார், 2018-இல் இறந்தார். செயற்கை உரம் போடாமல் அவர் விட்டுவைத்த வயல்களில்தான் மற்ற பல இடங்களில் அழிந்துபோன பழைய புல்வெளிப் பூக்கள் மிஞ்சின. இன்று 'ஹன்னாவின் புல்வெளி' என்ற பெயரில் அது இயற்கைக் காப்பிடம். தனியாக நடக்கிறவன் தன்னைப் பற்றிப் பெரிதாக நினைத்துக்கொள்ளாமல் இருக்க இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த நாள் அதற்கு வடக்கே. டீஸ் ஆற்றோரமாக ஹை ஃபோர்ஸ் அருவி, கால்ட்ரன் ஸ்னவுட்டில் அருவியை ஒட்டியே கைகளையும் ஊன்றி ஏற்றம், பிறகு வெறும் மேட்டுநிலம். நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று காலடியில் நிலம் முடிந்துவிடுகிறது: ஹை கப் நிக். பனியாறு குடைந்த பெரும் பள்ளம். இரு விளிம்பிலும் கறுப்புப் பாறைத் தூண்கள் வரிசையாக, நடுவே கீழே நூலளவு ஓடை. மறுநாள் ஏறும் க்ராஸ் ஃபெல்தான் அந்த 893 மீட்டர் உச்சி. இதன் சரிவில் இறங்கி வீசும் வடகிழக்குக் காற்றுக்கு ஹெல்ம் என்று பெயர். பிரிட்டனில் தனக்கென்று பெயர் வாங்கிய காற்று இது ஒன்றுதான். எனக்குக் காற்று வரவில்லை, மூடுபனி வந்தது. கற்குவியல் விட்டுக் கற்குவியல், திசைகாட்டியை நம்பி இறங்கினால் கிரெக்ஸ் ஹட் என்ற கல்வீடு. முன்பு ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கிய கட்டடம். 1968-இல் ஆல்ப்ஸில் இறந்த ஜான் கிரெகரி என்ற மலையேறியின் நினைவாகத் தன்னார்வலர்கள் பழுதுபார்த்துக் காத்துவருகிறார்கள். பூட்டு கிடையாது, வாடகை கிடையாது, முன்பதிவு கிடையாது. மரமேடை, ஒரு இரும்பு அடுப்பு, ஒரு நோட்டுப்புத்தகம். யார் வந்தாலும் படுக்கலாம். இந்தப் பாதையில் நான் நிம்மதியாகத் தூங்கிய இரவு அதுதான்.

ஹேட்ரியன் சுவரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கி.பி. 122-இல் ரோமானியர் கட்டத் தொடங்கியது, அதன் முதுகோடு ஒரு பொழுது ஏறி இறங்க வேண்டும். இரண்டு மேடுகளுக்கு நடுவே தனியாக நின்ற புகழ்பெற்ற சிக்கமோர் மரத்தை 2023 செப்டம்பரில் இரவோடு இரவாக ரம்பத்தால் அறுத்தார்கள். அறுத்த இருவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. அடிமரத்தில் துளிர் விட்டிருக்கிறது.

கடைசியில் செவியட் மலைகள். பைர்னஸிலிருந்து பாதை முடியும் கிர்க் யெட்டம் வரை நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் ஒரு வீடு கிடையாது. பாதை இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லைக் கம்பிவேலியை ஒட்டியே பல மைல் போகிறது. வேலிக்கு இந்தப்பக்கம் கூடாரம் அடித்தால் அத்துமீறல். அந்தப்பக்கம் அடித்தால் 2003-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் தந்த உரிமை. நடுவில் இருப்பது ஆடு தாண்டாத உயரத்தில் ஒரு கம்பி. அன்று மாலை கம்பியைத் தாண்டி, ஒளிவுமறைவில்லாமல், வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் அடித்தேன். தரை இரண்டு பக்கமும் ஒரே தரைதான்.

இருபது வருடத்துக்கும் மேலாக ஸ்காட்லாந்தில் இது நடைமுறையில் இருக்கிறது. நிலச்சொந்தக்காரர்கள் யாரும் ஏழையாகிவிடவில்லை. இங்கிலாந்திலோ 2000-இல் வந்த சட்டம் நாட்டின் சுமார் 8 சதவீத நிலத்தில் நடக்க விட்டது, படுக்க விடவில்லை. விதிவிலக்கு தெற்கே இருக்கும் டார்ட்மூர் மட்டும். அதையும் ஒரு நிலச்சொந்தக்காரர் நீதிமன்றத்துக்கு இழுத்தார். 2023 ஜனவரியில் அவர் பக்கம் தீர்ப்பு, ஜூலையில் மேல்முறையீட்டில் எதிராக, கடைசியில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூடாரம் அடிக்கும் உரிமையை உறுதிசெய்தது. டார்ட்மூரில் சரி என்றால் கிண்டரில் ஏன் தவறு என்பதற்கு ஒருவரும் எனக்குப் புரியும்படி பதில் சொன்னதில்லை.

இங்கிலாந்தில் இருக்கும் தமிழர்கள் ஒருமுறையாவது இதில் நடக்க வேண்டும். முழுப் பாதைக்கு விடுப்பு கிடைக்காதவர்கள் மிடில்டனிலிருந்து ஆல்ஸ்டன் வரை மட்டும் போனால் போதும். ஹை கப் நிக்கும் க்ராஸ் ஃபெல்லும் அதற்குள் வந்துவிடும். மே, ஜூன் மாதங்கள் உத்தமம்: பகல் நீளம், சேறு குறைவு. ஆட்டுக்குட்டிகளும் குஞ்சுகளும் இருக்கும் காலம் என்பதால் நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கைப்பேசியை நம்பாமல் காகித நிலப்படமும் திசைகாட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரவு எங்கே என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கிர்க் யெட்டமில் ரயில் நிலையம் கிடையாது. கெல்சோவுக்குப் பேருந்து பிடித்து, அங்கிருந்து பெரிக் போய் ரயில் ஏற வேண்டும். பேருந்து எப்போதாவதுதான் வரும், நேரத்தைப் பார்த்துக்கொண்டு மலையிலிருந்து இறங்குங்கள்.